தூதரகத்துக்குச் சொல்லுங்கள் என்ற ஒரு வரி

கேள்வி இதுதான்: வெளிநாட்டில் ஒருவரைக் கைது செய்து மரண தண்டனையும் கொடுத்துவிட்டார்கள், அவர் நாட்டுத் தூதரகத்துக்கு யாரும் தகவல் சொல்லவே இல்லை என்று பிறகு தெரியவருகிறது, அப்போது தண்டனை ரத்தாகிவிடுமா? கூடவே இன்னொன்று: உளவாளி என்று சொல்லிப் பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியா ஜெயித்தது என்றார்களே, அப்புறம் ஏன் அவர் இன்னும் பாகிஸ்தான் சிறையில் இருக்கிறார்?

முதல் கேள்விக்குப் பதில், ரத்தாகாது. தானாக ரத்தாவதாக இதற்கான சர்வதேச ஒப்பந்தத்தில் இல்லை, சர்வதேச நீதிமன்றமும் அப்படிச் சொன்னதில்லை. அதைக் கேட்டவுடன் "அப்படியென்றால் அந்த உரிமையால் என்ன பிரயோஜனம்" என்று தோன்றும். பிரயோஜனம் இருக்கிறது, ஆனால் அது முழுக்க முழுக்கக் கைதான முதல் சில நாட்களில் இருக்கிறது. அந்த நாட்கள் போய்விட்டால் பிறகு எத்தனை பெரிய நீதிமன்றத்தில் ஜெயித்தாலும் கையில் கிடைப்பது கொஞ்சம்தான். இதுவரை நடந்த வழக்குகள் எல்லாமே இதைத்தான் காட்டுகின்றன.

உரிமை எங்கே எழுதியிருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். 1963-இல் உருவான வியன்னா தூதரக உறவுகள் ஒப்பந்தம், அதில் 36-ஆவது பிரிவு. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், அமெரிக்கா, வளைகுடா நாடுகள், மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் உண்டு. வெளிநாட்டுக்காரர் ஒருவரைப் பிடித்தால், "உங்கள் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லி எங்களைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு" என்று அவரிடம் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் தூதரகத்துக்குத் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி சிறைக்குப் போய் அவரைப் பார்க்கலாம், பேசலாம், கடிதம் எழுதலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம். அவ்வளவுதான் பிரிவின் சாரம்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது, "அவர் கேட்டால்" என்ற சொல். கைதானவர் கேட்காவிட்டால் தூதரகத்துக்குச் சொல்லும் கடமை இந்தப் பிரிவில் இல்லை. ஏன் இப்படி வைத்தார்கள் என்று கேட்டால், ஈழத்தில் இருந்து தப்பி ஓடிவந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள், எந்த அரசிடம் இருந்து ஓடினாரோ அதே அரசின் அதிகாரியைக் கூப்பிட்டுச் சிறையில் அவர் முன்னால் உட்கார வைத்தால் எப்படி இருக்கும். அதனால்தான் முடிவு அவர் கையில் விடப்பட்டிருக்கிறது. ஆனால் முடிவெடுக்க வேண்டுமானால் அப்படி ஓர் உரிமை இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிக்கலெல்லாம் அங்கேதான்.

தூதரக அதிகாரி வந்து என்ன கிழித்துவிடப் போகிறார் என்று நினைப்பவர்களுக்காக ஒரு வழக்கு. ஆங்கெல் பிரியார்ட், பராகுவே நாட்டுக்காரர், 1992-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கொலை வழக்கில் கைதானார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆயுள் தண்டனையோடு முடித்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு இருந்தும் அதை அவர் விட்டுவிட்டார். அப்புறம் வக்கீல்கள் வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல் சாட்சிக் கூண்டில் ஏறி, நான்தான் செய்தேன், என்மேல் ஏவப்பட்ட சாபத்தால் செய்தேன் என்று ஜூரியிடம் சொன்னார். மனம் விட்டுச் சொன்னால் இரக்கம் காட்டுவார்கள் என்பது அவர் ஊர் நினைப்பு, வர்ஜீனியா ஜூரிக்கு அது வாக்குமூலம், அவ்வளவுதான். இரண்டு ஊர் நடைமுறையும் தெரிந்த ஒருவர், அவர் மொழியிலேயே, "தம்பி, இங்கே அப்படி இல்லை" என்று எடுத்துச் சொல்லியிருந்தால் கதை மாறியிருக்கலாம் என்பதுதான் பராகுவேயின் வாதம். 1998 ஏப்ரல் 9 அன்று ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வையுங்கள் என்று உத்தரவிட்டது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட்டே ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 14 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அடுத்த வருடமே லாகிராண்ட் சகோதரர்கள். ஜெர்மனியில் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்கா வந்து, பேச்சு நடை எல்லாம் அமெரிக்கர்களாகவே ஆகிவிட்ட இருவர். 1982-இல் அரிசோனாவில் ஒரு வங்கிக் கொள்ளை முயற்சியில் கொலை. இவர்கள் ஜெர்மானியர்கள் என்பது அந்த மாநில அதிகாரிகளுக்கு 1982-இலேயே தெரியும். ஆனால் ஜெர்மன் தூதரகத்துக்கு விஷயம் தெரிந்தது 1992-இல், அதுவும் அந்தச் சகோதரர்கள் மூலமாக, அவர்களுக்கோ சக கைதிகள் சொல்லித்தான் இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரிந்தது. அதிகாரிகள் முறைப்படி சொன்னது 1998 டிசம்பரில்! பதினாறு வருடம்.

பத்து வருடம் கழித்துத் தூதரகம் உள்ளே வந்து, இவர்களின் குழந்தைப் பருவம் எப்படி இருந்தது, என்னென்ன கொடுமை அனுபவித்தார்கள் என்று ஜெர்மனியில் இருந்து ஆவணங்களைத் திரட்டினால், அமெரிக்க நீதிமன்றம் சொன்ன பதில்: இதை ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும், இப்போது கேட்க முடியாது. உரிமை இருப்பதையே சொல்லாமல் மறைத்தவர்கள், ஏன் நேரத்துக்குக் கேட்கவில்லை என்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் வயிறு எரியும். கார்ல் 1999 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். அண்ணன் வால்டருக்கு மார்ச் 3. மார்ச் 2 மாலைதான் ஜெர்மனி ஹேக்குக்குப் போனது, மறுநாளே, விசாரணைகூட நடத்தாமல், நீதிமன்றம் நிறுத்திவைக்கச் சொன்னது. அன்றைக்கே அவரை விஷவாயு அறையில் வைத்துக் கொன்றார்கள்.

ஆள் போன பிறகும் ஜெர்மனி வழக்கை விடவில்லை, அதுதான் முக்கியம். 2001 ஜூன் 27 தீர்ப்பில் மூன்று விஷயங்கள் உறுதியாயின. ஒன்று, 36-ஆவது பிரிவு இரண்டு அரசுகளுக்கு இடையிலான மரியாதை விவகாரம் மட்டுமில்லை, சிறையில் இருக்கும் அந்தத் தனி மனிதருக்கே சொந்தமான உரிமை. இரண்டாவது, ஹேக் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு கட்டுப்படுத்தும், விருப்பமிருந்தால் கேட்டுக்கொள்ளலாம் என்ற கதை இனி கிடையாது. மூன்றாவதாக, தூதரகம் வந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று நிரூபிக்கத் தேவையில்லை, உரிமை மறுக்கப்பட்டது என்பதே மீறல்தான். மரண தண்டனை மாதிரியான விஷயத்தில் "மன்னிக்கவும்" என்று ஒரு கடிதம் அனுப்பினால் போதாது என்றும் சொன்னார்கள்.

சரி, மன்னிப்பு போதாதென்றால் வேறென்ன? இங்கேதான் உங்கள் முதல் கேள்விக்கான நேர் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் மரண தண்டனைக் கைதிகளாக இருந்த தன் குடிமக்களுக்காக மெக்சிகோ 2003-இல் வழக்குப் போட்டது, அவெனா வழக்கு என்பார்கள். தண்டனைகளை ரத்து செய்யுங்கள் என்று மெக்சிகோ கேட்டது. 2004 மார்ச் 31 தீர்ப்பில், 51 பேர் விஷயத்தில் மீறல் நடந்தது உண்மை என்று சொன்ன நீதிமன்றம், ரத்து செய்யச் சொல்ல மறுத்துவிட்டது. அமெரிக்க நீதிமன்றங்களே ஒவ்வொரு வழக்கையும் எடுத்து, தூதரக உதவி கிடைக்காததால் இவருக்கு உண்மையில் பாதிப்பு வந்ததா என்று மீளாய்வும் மறுபரிசீலனையும் செய்ய வேண்டும், எந்த வழியில் செய்வது என்பது உங்கள் விருப்பம் என்றது. மீளாய்வு, மறுபரிசீலனை. இந்த இரண்டு சொற்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஜாதவ் வழக்கில் திரும்ப வரும்.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. "தாமதமில்லாமல்" என்றால், பிடித்த நிமிஷமே, விசாரிக்கும் முன்பே என்று கட்டாயமில்லை; ஆள் வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்தவுடன், அல்லது அப்படி இருக்கலாம் என்று நினைக்கக் காரணம் கிடைத்தவுடன் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் இது பெரிய ஓட்டை. மெடெயின் என்ற மெக்சிகோக்காரரின் வாக்குமூலத்தை டெக்சாஸ் மாநிலப் போலீஸ் கைதான சில மணி நேரத்திலேயே வாங்கிவிட்டது. வாக்குமூலத்தில் கையெழுத்தான பிறகு தூதரகம் வந்து யாருக்கு என்ன லாபம்?

மெடெயின் வழக்கின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். அதிபர் ஜார்ஜ் புஷ், அதே டெக்சாஸின் முன்னாள் ஆளுநர், ஹேக் தீர்ப்பை மதித்து மறுபரிசீலனை செய்யுங்கள் என்று 2005 பிப்ரவரியில் மாநில நீதிமன்றங்களுக்குச் சொன்னார். அடுத்த வாரமே, இனி இந்த மாதிரி வழக்குகள் தங்கள்மேல் வராதபடி, ஒப்பந்தத்தின் விருப்ப நெறிமுறையில் (ஒப்பந்தத் தகராறுகளை ஹேக் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று நாடுகள் ஒப்புக்கொள்ளும் துணை உடன்பாடு) இருந்து அமெரிக்கா விலகியது. டெக்சாஸ் புஷ் சொன்னதையும் கேட்கவில்லை. 2008 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், ஹேக் தீர்ப்பு சர்வதேச அளவில் அமெரிக்காவைக் கட்டுப்படுத்தும், ஆனால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால் ஒழிய உள்ளூர் நீதிமன்றத்தில் அமலாகாது, அதிபராலும் கட்டளையிட முடியாது என்றது. சட்டம் வரவேயில்லை. ஆகஸ்ட் 5 அன்று மெடெயின் கொல்லப்பட்டார், 2011-இல் லியால், 2014-இல் தமயோ, எல்லாரும் அந்த 51 பேர் பட்டியலில் இருந்தவர்கள். ஆக்லஹோமாவில் ஒருவர் தப்பினார், ஆளுநர் ஹேக் தீர்ப்பையும் கணக்கில் எடுத்து ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். வேடிக்கை என்னவென்றால் இந்த விருப்ப நெறிமுறையை வைத்து ஹேக்கில் முதலில் வழக்குப் போட்டதே அமெரிக்காதான், 1979-இல் டெஹ்ரான் தூதரகத்தில் தன் ஆட்களைப் பிணைக் கைதிகளாகப் பிடித்து வைத்தபோது.

இப்போது ஜாதவ். இந்தியாவின் வக்கீல் ஹரிஷ் சால்வே ஒரு ரூபாய் சம்பளத்துக்கு வாதாடினார் என்பதுதான் நம்மூரில் அதிகம் பேசப்பட்டது, தீர்ப்பில் என்ன இருந்தது என்பதை அதில் பாதிகூடப் பேசவில்லை. 2016 மார்ச் 3 அன்று பிடித்ததாகச் சொல்லும் பாகிஸ்தான், இந்தியாவுக்குச் சொன்னது மார்ச் 25 அன்று. இந்தியா திரும்பத் திரும்பக் கேட்டும் ஆளைப் பார்க்க விடவில்லை. விசாரணைக்கு நீங்கள் ஒத்துழைத்தால் பார்க்க விடுவதைப் பற்றி யோசிக்கிறோம் என்று நிபந்தனை வேறு. 2017 ஏப்ரலில் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மே மாதம் இந்தியா ஹேக்குக்குப் போனது. இரண்டு நாடுகளும் அந்த விருப்ப நெறிமுறையில் இருந்ததால்தான் போக முடிந்தது, அது இல்லையென்றால் இந்த வழக்கை அங்கே கொண்டுபோக வழியே இருந்திருக்காது.

2019 ஜூலை 17 தீர்ப்பு, பதினைந்துக்கு ஒன்று. உளவாளிக்கு இந்த உரிமை கிடையாது என்று பாகிஸ்தான் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை, ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதிவிலக்கே இல்லை என்றது. 2008-இல் இரு நாடுகளும் போட்ட தனி உடன்பாட்டில், பாதுகாப்புக் காரணக் கைதுகளில் அந்தந்த வழக்கின் தன்மையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று ஒரு வரி இருந்தது, அதை வைத்து வியன்னா உரிமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்றது. மூன்று வாரத் தாமதமும் மீறல் என்றது. ஆனால் இந்தியா கேட்ட விடுதலை, தண்டனை ரத்து இரண்டையும் தரவில்லை. மீளாய்வு, மறுபரிசீலனை. அதே இரண்டு சொற்கள். ராணுவ நீதிமன்ற விசாரணை நியாயமா இல்லையா என்பதற்குள் முழுசாக இறங்க ஹேக்குக்கு அதிகாரமும் இல்லை, அங்கே போகக் கிடைத்த ஒரே கதவு வியன்னா ஒப்பந்தம், அந்தக் கதவின் அகலம் அவ்வளவுதான். அதனால் இந்தியா ஜெயித்ததும் உண்மை, அவர் சிறையில் இருப்பதும் உண்மை. அவர் உயிரோடு இருக்கிறார் என்றால் அதற்கு 2017 மே 18 இடைக்கால உத்தரவும் இந்தத் தீர்ப்பும் பெரிய காரணம், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

அந்த வழக்கில் எனக்கு மறக்காதது வேறொரு விஷயம். 2017 டிசம்பர் 25 அன்று அவருடைய அம்மாவையும் மனைவியையும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து இன்டர்காமில் பேச விட்டார்கள். அம்மாவை மராத்தியில் பேச விடவில்லை என்று இந்திய வெளியுறவு அமைச்சகம் சொன்னது.

மொழி என்றவுடன் ரிசானா நபீக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருகோணமலை மாவட்டம் மூதூர், தமிழ் பேசும் பெண், 2005-இல் வயதைக் கூட்டிப் போட்ட பாஸ்போர்ட்டில் சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர். பிறப்புச் சான்றிதழ்படி அப்போது 17 வயது. போன சில வாரங்களில், அவர் பால் புகட்டிக்கொண்டிருந்த கைக்குழந்தை இறந்தது, புரையேறியது என்றார் அவர், கழுத்தை நெரித்தார் என்றது நீதிமன்றம். விசாரணையின்போது வக்கீல் இல்லை, சரியான மொழிபெயர்ப்பாளர் இல்லை. பயந்து கொடுத்த வாக்குமூலம் என்று பிறகு மறுத்தும் 2007-இல் மரண தண்டனை. மேல்முறையீட்டுக்கு வக்கீல் வைக்கப் பணம் திரட்டியதுகூட ஹாங்காங்கில் இருந்து இயங்கிய ஒரு மனித உரிமை அமைப்பு. கடைசியில் குழந்தையின் பெற்றோர் மன்னித்தால்தான் உண்டு என்று ஆனது, அவர்கள் மன்னிக்கவில்லை, இலங்கை ஜனாதிபதியின் வேண்டுகோளும் பலிக்கவில்லை. 2013 ஜனவரி 9 அன்று தலை வெட்டப்பட்டது. தண்டனைக்குப் பிறகு தூதரகமும் அமைச்சர்களும் அலைந்ததை ஊரே அறியும். வாக்குமூலம் எழுதிய அன்றைக்கு அந்த அறையில் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தாரா என்பதுதான் கேள்வி.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். தூதரகம் முழுசாக இறங்கி வேலை பார்த்தும் உயிர் போன வழக்குகள் உண்டு. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஆஸ்திரேலியர் மயூரன் சுகுமாரனுக்காக ஆஸ்திரேலியா பிரதமர் வரை பேசியது, 2015 ஏப்ரல் 29 அன்று இந்தோனேசியா சுட்டுக்கொன்றது. மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம், சுமார் 43 கிராம் ஹெராயின், ஐ.கியூ. 69 என்று மதிப்பிடப்பட்டவர், மலேசியப் பிரதமரே கடிதம் எழுதியும் 2022 ஏப்ரல் 27 அன்று சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். இந்த இரண்டிலும் தூதரகத்துக்குச் சொல்லவில்லை என்பது பிரச்சினையே இல்லை. 36-ஆவது பிரிவு மரண தண்டனையைத் தடை செய்யவில்லை, விசாரணை ஒழுங்காக நடக்க ஒரு கைத்தடி கொடுக்கிறது.

உயிரைக் காப்பாற்றியது பெரும்பாலும் அரசியல்தான். நம்மூர்க்காரர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், தங்கச்சிமடம் மீனவர்கள் ஐந்து பேரை 2011 நவம்பரில் ஹெராயின் வழக்கில் இலங்கைக் கடற்படை பிடித்தது, 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் தூக்கு விதித்தது, ராமேஸ்வரம் பற்றி எரிந்தது. இந்தியத் தூதரகம் மேல்முறையீடு போட்டது, பிறகு அதை வாபஸ் வாங்கியது, ஏனென்றால் மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் ஜனாதிபதி மன்னிப்புக் கொடுக்க முடியாது. நவம்பர் 19 அன்று ராஜபக்ச மன்னித்தார். இலங்கை 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிட்டதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கத்தாரில் எட்டு முன்னாள் கடற்படையினருக்கு 2023 அக்டோபரில் மரண தண்டனை, டிசம்பரில் குறைப்பு, 2024 பிப்ரவரியில் விடுதலை. அதற்குள் நடந்ததெல்லாம் மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது. ஏமனில் சிக்கிய கேரள செவிலியர் விஷயத்தில் சனாவில் இந்தியத் தூதரகமே இயங்கவில்லை, 36-ஆவது பிரிவை எடுத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது?

2025 மார்ச்சில் இந்திய அரசு மாநிலங்களவையில் கொடுத்த கணக்குப்படி, வெளிநாடுகளில் மரண தண்டனை விதிக்கப்பட்டு நிறைவேற்றப்படாமல் இருந்த இந்தியர்கள் 49 பேர், அதில் 25 பேர் ஐக்கிய அரபு அமீரகத்தில், 11 பேர் சவூதியில். அதற்குச் சில வாரம் முன்புதான் அபுதாபியில் உத்தரப் பிரதேசப் பெண் ஒருவருக்குப் பிப்ரவரி 15 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டு, நம் தூதரகத்துக்கு அது 28-ஆம் தேதி சொல்லப்பட்டது.

சொந்தக்காரர் யாராவது இப்படி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: உள்ளே இருப்பவர் எந்த மொழியில் முடியுமோ அந்த மொழியில் "என் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும், படிக்கத் தெரியாத மொழியில் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. போட வைத்துவிட்டால், எந்தத் தேதியில், யார் மொழிபெயர்த்தார், மொழிபெயர்த்தாரா இல்லையா என்பதை ஞாபகம் வைத்து முதலில் பார்க்க வரும் ஆளிடம் சொல்ல வேண்டும். வெளியே இருக்கும் நீங்கள் அவர் தகவல் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள், தூதரகத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். இந்தியர்கள் என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார் இணையதளத்திலும் பதிந்து எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது. வக்கீல் செலவுக்குத் தூதரகத்தில் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும். அப்புறம், முதல் சந்திப்பிலேயே தகவல் பகிர ஒப்புதல் கடிதத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். தனியுரிமைச் சட்டத்தைக் காரணம் காட்டி, கைதியின் ஒப்புதல் இல்லாமல் வழக்கு விவரத்தைத் தூதரகத்துக்கே தர மறுக்கும் நாடுகள் நிறைய இருக்கின்றன.